காரின் விளக்கும் கருகிய கம்பியும்

ஓர் இரவு, என் அண்ணன் ஓட்டும் பழைய வாடகைக் காரில் திண்டுக்கல்லிலிருந்து கரூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். வேடசந்தூரைத் தாண்டியதும், முந்திச் சென்ற லாரிக்காரர் கையசைத்துச் சொன்ன பிறகுதான் பின்விளக்குகள் அணைந்திருப்பது தெரிந்தது. ப்யூஸ் போயிருந்தது. மாற்று ப்யூஸ் இல்லை. அண்ணன் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை அந்தக் கண்ணாடிக் குழாயின் மேல் சுற்றிச் செருகினார். விளக்கு எரிந்தது. "இதற்கெல்லாம் காலேஜில் மூன்று வருஷம் படிக்கணுமா தம்பி?" என்று சிரித்தார். பத்து நிமிடத்தில் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது. அவசரமாகப் பாட்டரி முனையைக் கழற்றியதால் வண்டி பிழைத்தது, நாங்களும் பிழைத்தோம்.

புகை ஏன் வந்தது? காரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரே ஒரு கம்பிதான் போகிறது. திரும்பி வரும் பாதை காரின் இரும்பு உடம்பே. பாட்டரியின் எதிர்முனை அதனோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, உறை தேய்ந்த கம்பி இரும்பைத் தொட்டால் போதும், மின்சாரம் பல்பு வழியே போகாமல் குறுக்கு வழியில் பாய்ந்துவிடும். இதைத்தான் 'ஷார்ட்' என்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தச் சுற்றில் 5 வாட் பல்புகள் ஆறு. மொத்தம் 30 வாட். பாட்டரி 12 வோல்ட். எனவே ஓடுவது 2.5 ஆம்பியர். ஷார்ட் ஆகும்போது பாதையின் மின்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஓம் விதிப்படி 120 ஆம்பியர்! மின்னோட்டம் 48 மடங்கு. ஜூல் 1841-இல் வெளியிட்ட விதிப்படி வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியாக ஏறும். அதாவது 2,304 மடங்கு. ப்யூஸ் உருகியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். வெள்ளித்தாள் உருகவில்லை, கம்பியின் உறை உருகியது.

மறுநாள் எலக்ட்ரீசியன் ஒருவர் கருகிய கம்பியை மாற்றிவிட்டு, செய்த வேலை எனக்குப் பெரிய வியப்பு. புது ப்யூஸ் போடவில்லை. அந்த இடத்தில் இரண்டு கம்பி வைத்த 21 வாட் பல்பு ஒன்றைப் பொருத்தினார். பின்பு விளக்குகளின் பல்புகள் ஆறையும் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டார். எத்தனை முறை ஷார்ட் ஆனாலும் அந்தப் பல்பு 1.75 ஆம்பியருக்கு மேல் விடாது; ப்யூஸ் வீணாகாது. கழற்றிய பிறகும் அது எரிந்தால் எங்கோ கம்பி தொடுகிறது என்று பொருள். (பல்புகளைக் கழற்றாவிட்டால் அவற்றின் வழியாகவே எரிந்து நம்மை ஏமாற்றும்.)

முதலில் எரியவில்லை. கம்பிக் கட்டை இடம் இடமாக அசைத்துக்கொண்டே போனார். டிக்கி மூடியைத் தூக்கியதும் பளிச்சென்று எரிந்தது! கீல் அருகே கம்பி நுழையும் துளையில் ரப்பர் வளையம் இல்லை. தகட்டின் விளிம்பில் உரசி உரசி உறை தேய்ந்திருந்தது. வண்டி குலுங்கும்போது மட்டும் தொட்டிருக்கிறது. அதனால்தான் பத்து நிமிடம் எங்களை விட்டுவைத்தது.

ஷார்ட் இல்லாமலும் ப்யூஸ் போவதுண்டு. 55 வாட் முகப்பு பல்புகள் இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும். வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்புகளை மாட்டினால் 16 ஆம்பியருக்கு மேல் போய்விடும். அப்போது பல்பைத்தான் மாற்றவேண்டும், ப்யூஸை அல்ல. இப்போதைய கார்களின் தட்டை ப்யூஸில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20 ஆம்பியர். சிவப்பு இருந்த இடத்தில் மஞ்சளைச் செருகுவதும் வெள்ளித்தாளுக்குத் தம்பிதான்.

அண்ணன் காரில் இப்போது நாலு ப்யூஸும் கம்பி வைத்த ஒரு பல்பும் இருக்கின்றன.