பயிற்சிக்கும் பருவம் உண்டு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்வளம் பெருகும்பொருட்டு அரசு விதித்துள்ள தடைக்காலம் அது. வருமானம் குன்றும் அந்நாள்களிலும் மீனவர் வாளாவிருப்பதில்லை. படகுகள் பழுது பார்க்கப்படுகின்றன, வலைகள் செப்பனிடப்படுகின்றன. கடலுக்குச் செல்லாத நாள்களும் மீன்பிடித் தொழிலின் ஒரு கூறேயாகும். இவ்வுண்மையை நம் விளையாட்டு வீரர் பலர் தம் உடலளவில் மறந்துவிடுகின்றனர்.

வடசென்னையும் வீர விளையாட்டும்

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாக நீளும் இப்பகுதி உழைப்பாளர் நிலம். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை எனக் குத்துச்சண்டையில் மரபுகள் கண்ட பெருமை வடசென்னைக்கு உண்டு. 1980ஆம் ஆண்டில் முகம்மது அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி நிகழ்த்தியதை இன்றும் பெரியோர் நினைவுகூர்வர். சென்னை வீரர் தேவராசன் 1994இல் பாங்காக்கில் நடைபெற்ற உலகக் கோப்பைக் குத்துச்சண்டையில் வெண்கலப் பதக்கம் வென்றார்.

இத்தகைய மண்ணில் பிறந்த இளைஞர்க்கு உழைப்பில் குறைவில்லை. பகலில் சுமை தூக்கியோ பட்டறையில் நின்றோ உழைத்துவிட்டு, மாலையில் களம் புகுவோர் பலர். ஆயின் அவர்தம் பயிற்சி ஆண்டு முழுவதும் ஒரே கடுமையுடன் நடைபெறுகிறது. போட்டி நெருங்க நெருங்கக் கடுமை மேலும் கூடுகிறது. முடிவில் போட்டியன்று களைத்த உடலோடு மேடையேறித் தோற்கின்றனர். குறை உழைப்பில் இல்லை. உழைப்பைக் காலத்தோடு பொருத்தாமையில் உள்ளது.

கிரேக்கர் தரும் பாடம்

பண்டைக் கிரேக்கர் நான்கு நாள் சுழற்சி ஒன்றைக் கையாண்டனர். முதல் நாள் உடலை ஆயத்தம் செய்தல், இரண்டாம் நாள் முழு வலிமையையும் செலுத்துதல், மூன்றாம் நாள் தளர்வு, நான்காம் நாள் நடுத்தர முயற்சி என்பது அம்முறை. பிலோசிட்ரேட்டசு என்னும் எழுத்தாளர் இதனைக் கண்டித்து எழுதியுள்ளார். ஒலிம்பியாவில் வென்ற கெரெனசு என்ற மல்லர், வெற்றி விருந்துக்குப்பின் உடல் நலமின்றி இருந்தார். ஆசிரியரோ சுழற்சி விதியையே பிடித்துக்கொண்டு அவரைக் கடும் பயிற்சியில் ஈடுபடுத்தினார். பயிற்சியிலேயே அம்மல்லர் உயிர் நீத்தார் என்கிறார் அவர். திட்டம் வேண்டும், ஆனால் அது வீரனின் உடல்நிலையறிந்து நெகிழ வேண்டும் என்பதே இந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம்.

அறிவியல் விளக்கம்

உடலின்மீது சுமை விழுங்கால் அது முதலில் தளர்கிறது, பின்னர்த் தேறுகிறது, தொடர்ந்து பழகிய சுமைக்கேற்ப வலுப்பெறுகிறது. ஓய்வுக்கு இடமின்றிச் சுமை ஏறிக்கொண்டே போனால் உடல் சோர்ந்து வீழும். உடல் நெருக்கடியை எதிர்கொள்ளும் படிநிலைகளை ஆன்சு செலியே என்னும் அறிஞர் 1936இல் வெளியிட்டார். 1960களில் சோவியத்து அறிஞர் மத்வேயெவ், ஆண்டுப் பயிற்சியைப் பருவங்களாகப் பகுக்கும் முறையை விரித்துரைத்தார்.

இங்கு நுட்பமான செய்தி ஒன்று உண்டு. பயிற்சியினால் உடலில் திறனும் சேர்கிறது, களைப்பும் சேர்கிறது. பயிற்சியைக் குறைத்தால் களைப்பு விரைவில் நீங்கும். திறனோ மெல்லவே குறையும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சில நாள்களே வீரனின் உச்சக் காலம். அக்காலம் போட்டி நாளோடு பொருந்துமாறு செய்வதே திட்டமிடலின் நோக்கம்.

திட்டம் அமைக்கும் முறை

போட்டி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுதல் வேண்டும். சனவரித் திங்கள் நடுவில் போட்டி எனக் கொள்வோம். 24 வாரங்கள் பின்னே சென்றால் ஆகசுடுத் தொடக்கம் வரும். முதல் 12 வாரங்கள் அடித்தளப் பருவம். ஓட்டமும் பொதுவான உடல்வலிமையும் பெருகுதல் வேண்டும். அடுத்த 8 வாரங்கள் சிறப்புப் பருவம். விளையாட்டிற்குரிய வேகமும் நுணுக்கமும் கூடும். பயிற்சியின் அளவு சிறிது குறையும். அதன்பின் 2 வாரங்கள் ஒத்திகைப் போட்டிகள். இறுதி 2 வாரங்கள் தணிப்புப் பருவம். அடித்தள, சிறப்புப் பருவங்களில் மூன்று வாரம் சுமை ஏற்றி, நான்காம் வாரம் இறக்குதல் நன்று. போட்டி முடிந்தபின் சில வாரங்கள் எளிய விளையாட்டுகளோடு இளைப்பாறல் வேண்டும்.

இறுதி இரு வாரங்களிலேதான் பலர் தவறுகின்றனர். இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளிவந்த கட்டுரையொன்று, இரு வாரங்களில் பயிற்சியின் மொத்த அளவை 41 முதல் 60 விழுக்காடு வரை குறைத்து, வேகத்தையும் பயிற்சி நாள்களின் எண்ணிக்கையையும் குறைக்காதிருப்பதே சிறந்த பயன் தரும் என்று கண்டது. எட்டு முறை ஓடியவர் நான்கு முறை ஓடலாம். ஆனால் அதே விரைவுடன் ஓட வேண்டும். போர் செய்யும் ஆட்டுக்கடா தாக்குதற்பொருட்டுப் பின்வாங்கும் காட்சியை வள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தில் உவமையாக்கியுள்ளமை ஈண்டு எண்ணத்தக்கது. அப்பின்வாங்கல் அச்சமன்று, ஆயத்தம்.

நம் சூழலுக்கேற்ப

மேனாட்டு அட்டவணையை அப்படியே பின்பற்றுதல் நமக்குப் பொருந்தாது. அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நம் திடல்களில் நீர் தேங்கும். அக்காலத்திற்கு உள்ளரங்கப் பயிற்சியை முன்னரே வகுத்துக்கொள்ள வேண்டும். 2023 திசம்பரில் மிக்சாம் புயலின் வெள்ளமும், எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெயும் இப்பகுதியின் அன்றாட வாழ்வையே குலைத்தன. இத்தகைய இடர்களுக்குத் திட்டத்தில் ஓரிரு வாரம் இடம் விடுதல் அறிவுடைமை.

ரமளான் மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள்கள் முன்னே நகர்கிறது. ஆதலின் சென்ற ஆண்டின் அட்டவணை இவ்வாண்டிற்கு உதவாது. 2012இல் இலண்டன் ஒலிம்பிக் போட்டிகள் ரமளானிலேயே நிகழ்ந்தன. நோன்பு நோற்கும் வீரர் அம்மாதத்தில் பயிற்சியின் அளவைக் குறைத்து, கடுமையான பகுதியை நோன்பு திறந்தபின் வைத்துக்கொள்ளலாம். சஹர் உணவும், இரவில் போதிய நீரும், குறையாத உறக்கமும் இன்றியமையாதன.

அனைத்திற்கும் மேலாக, உழைக்கும் இளைஞன் தன் தொழிலையும் சுமைக் கணக்கில் சேர்த்தல் வேண்டும். எட்டு மணி நேரம் மூட்டை சுமந்த உடலுக்கு அம்மாலை வேறு பளுப்பயிற்சி வேண்டுவதில்லை. நாள்தோறும் காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பையும் உறங்கிய நேரத்தையும் குறித்து வைப்பானாக. வழக்கத்தினும் துடிப்பு மிகுந்து உறக்கமும் கெட்டிருப்பின், அன்று பயிற்சியைத் தணித்தல் நலம்.

முடிவுரை

ஓய்வெடுக்கும் மாணவனைச் சோம்பன் என்று ஏசுதல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பயிற்சியாசிரியர்கள் இதனைக் கைவிடுவார்களாக. போட்டிகளுக்குச் சீருடையும் கோப்பையும் வழங்கும் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். போட்டிக்கு முந்தைய இரு வாரங்கள் அவ்விளைஞனுக்குப் பளுவான வேலையிலிருந்து விடுப்பும், நல்லுணவும் கிடைக்க வழி செய்யுங்கள். கோப்பை ஒரு நாள் மகிழ்ச்சி தரும். அவ்விரு வாரங்களோ அவன் ஆண்டு முழுதும் சிந்திய வியர்வையைக் களத்தில் பலனாக்கும்.