பீரோவும் குட்டிப் பொக்லைனும்

வீடு மாற்றும் நாளில் இரும்பு பீரோவைப் படுக்கவைத்துத் தூக்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள். பீரோவின் உயரம் ஆறரை அடி. ஆழம் ஒன்றரை அடி என்று கொள்வோம். அது நிற்கவேண்டிய இடத்துக்கு மேலே பரண் இருக்கிறது. தரையிலிருந்து பரணின் உயரம் ஆறடி ஏழு அங்குலம். ஓர் அங்குலம் இடைவெளி இருக்கிறதே என்று அடிவிளிம்பை ஊன்றி நிமிர்த்துகிறார்கள். நிமிர இன்னும் கொஞ்சமே இருக்கும்போது மேல்மூலை பரணில் 'ணங்' என்று மோதுகிறது!

ஏன்? சாய்ந்த பீரோவுக்குத் தேவையான உயரம் அதன் உயரமன்று, அதன் மூலைவிட்டம். பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய ஆறடி எட்டு அங்குலம் வரும். பரணோ ஓர் அங்குலம் தாழ்வு.

பீரோ மோதினால் சுண்ணாம்பு உதிரும், அவ்வளவுதான். இதே தவற்றை ஒரு டன் எடையுள்ள இயந்திரத்தை வைத்துக்கொண்டு செய்தால் என்ன ஆகும்?

இலண்டன் மாநகரில் இந்தக் கேள்வி அன்றாடக் கேள்வி. அங்கே மேற்குப் பகுதியில் பழைய வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. நிலத்தின் விலையோ மிக அதிகம். பழைய தெருக்களின் தோற்றத்தைக் காக்கும் விதிகள் இருப்பதால், மேலே மாடி எழுப்புவதும் எளிதன்று. ஆகவே, நிற்கும் வீட்டின் அடியிலேயே தோண்டி நிலவறை கட்டுகிறார்கள். நியூகாசில் பல்கலைக்கழகத்தார் கணக்கெடுத்தபோது, 2008 முதல் 2017 வரை அந்நகரின் ஏழு வட்டாரங்களில் மட்டும் 4,650 நிலவறைகளுக்கு அனுமதி வழங்கப்பட்டிருந்தது.

இந்த வேலைக்கு உதவுவதுதான் குட்டிப் பொக்லைன். எடை ஏறத்தாழ ஒரு டன். ரப்பர் பட்டைகளின் மேல் ஊர்ந்து செல்லும். இதன் அடிப்பகுதியைத் தேவைக்கேற்ப அகலப்படுத்தலாம், குறுக்கலாம். குறுக்கினால் அகலம் சுமார் 70 செ.மீ.; சாதாரண வாசற்படியில் நுழைந்துவிடும். விரித்தால் சுமார் 86 செ.மீ. ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள பாதுகாப்புச் சட்டத்தையும் மடக்கலாம்.

இப்போது ஓட்டுநர் இதைச் சாய்தளத்தின் வழியாக நிலவறைக்குள் இறக்குகிறார். சட்டத்தை மடக்கியபின் இயந்திரத்தின் உயரம் 1.5 மீட்டர், பட்டையின் நீளம் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக அதை ஒரு பெட்டியாகவே கருதலாம். சாய்தளம் தொடங்கும் விளிம்புக்கு மேலே 1.58 மீட்டர் உயரத்தில் உத்தரங்கள் ஓடுகின்றன. எட்டு செ.மீ. இடைவெளி போதாதா?

போதாது. முன்பாதி விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நீளும். புவியீர்ப்பு மையம் விளிம்பைக் கடந்த நொடியில் இயந்திரம் முன்னோக்கிக் கவிழ்ந்து சாய்தளத்தில் படியும். முன்பக்கம் இறங்கும்போது பின்பக்கம் எழும்! சாய்வு 15 டிகிரி என்றால் பின்புற மேல்மூலையின் உயரம் 1.5 கோசைன் 15 + 0.6 சைன் 15. அதாவது 1.60 மீட்டர். இறங்கும் வண்டி பத்து செ.மீ. உயர்ந்துவிட்டது. வகுப்பில் இதைக் கேட்டால், 'இறங்கும்போது உயரம் குறையும் சார்' என்றுதான் முதலில் பதில் வருகிறது.

அந்த நேரத்தில் ஓட்டுநரின் தலை எங்கே இருக்கிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். உத்தரத்துக்கும் இயந்திரத்துக்கும் நடுவே! இடைவெளியைத் தரைமட்டத்தில் மட்டும் அளந்தவர் இதை மறந்திருப்பார். கைதேர்ந்த ஓட்டுநர் இயந்திரத்தின் கையை முன்னே நீட்டி, வாளியைச் சாய்தளத்தில் ஊன்றிக்கொண்டு மெல்ல இறக்குவார். கவிழ்வது தடாலென்று நேராமல் படிப்படியாக நேரும்.

சாய்வைக் குறைத்துவிடலாமே என்பீர்கள். இரண்டு மீட்டர் ஆழத்துக்கு 15 டிகிரியில் இறங்க ஏழரை மீட்டர் நீளம் வேண்டும். 10 டிகிரியில் இறங்கப் பதினோரு மீட்டருக்கு மேல் வேண்டும். ஒட்டி நிற்கும் வீட்டில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது?

உள்ளே வந்ததும் முதல் வேலை அடிப்பகுதியை விரிப்பது. இதற்கும் ஒரு கணக்கு உண்டு. கையும் வாளி மண்ணும் சேர்ந்து 150 கிலோ, அவற்றின் மையம் நடுக்கோட்டிலிருந்து 1.5 மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் இருக்கட்டும். மீதி 850 கிலோ நடுவில். குறுக்கிய நிலையில் பட்டையின் வெளிவிளிம்பு 0.35 மீட்டர் தூரத்தில். கவிழ்க்கும் திருப்புத்திறன் 150 × 1.15, அதாவது 172.5. நிலைநிறுத்துவது 850 × 0.35, அதாவது 297.5. உபரி 125. விரித்தபின் இதே கணக்கைப் போட்டால் உபரி 205 ஆகிறது. ஒரு பக்கத்துக்கு எட்டே செ.மீ. கூட்டியதற்கு இவ்வளவு பலன்! பாதுகாப்புச் சட்டத்தையும் உடனே நிமிர்த்த வேண்டும். மடங்கிய சட்டம் கவிழும்போது காக்காது.

தரை தாங்குமா என்பது இன்னொரு கேள்வி. 18 செ.மீ. அகலப் பட்டைகள் இரண்டு, தரையில் படியும் நீளம் 90 செ.மீ. என்றால், ஒரு சதுர செ.மீ.க்கு 0.3 கிலோ அளவுதான் அழுத்தம். நாம் ஒற்றைக்காலில் நிற்கும்போதும் ஏறக்குறைய அவ்வளவே! ஆனால் பழைய வீட்டின் மரத்தளத்துக்கு அடியிலுள்ள சட்டங்கள் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. மொத்தப் பாரத்தைச் சுமக்கின்றன. அழுத்தம் குறைவு என்று ஏற்றிவிட்டால் தளத்தோடு கீழே போகவேண்டியதுதான். முட்டுக் கொடுக்கவேண்டும், அல்லது தளத்தைப் பெயர்த்துவிட்டு மண்மீது ஓட்டவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் இருக்கிறது. டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமோ மணமோ இல்லாத இந்த வாயு, நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். திறந்தவெளியில் காற்று அதை அடித்துச் சென்றுவிடும். நிலவறையில் அது தேங்கும். தலைவலி, மயக்கம், பிறகு மரணம். புகையை வெளியேற்றும் விசிறியும், வாயுவின் அளவைக் காட்டும் கருவியும் இல்லாமல் உள்ளே டீசல் எஞ்சினை இயக்குவது தற்கொலைக்கு ஒப்பாகும். இங்கிலாந்தின் ஜே.சி.பி. நிறுவனம் மின்கலத்தால் இயங்கும் சிறு பொக்லைன் ஒன்றைச் செய்து, 2020-இல் அந்நாட்டு இராயல் பொறியியல் கழகத்தின் மக்ராபர்ட் விருதைப் பெற்றது. அதில் புகையே இல்லை.

உங்களுக்கு ஒரு கணக்கு. மேலே சொன்ன அதே இயந்திரம், அதே உத்தரங்கள். சாய்வு மட்டும் 10 டிகிரி. சைன் 10 = 0.174, கோசைன் 10 = 0.985. வண்டி இறங்குமா? நீங்களே ஓட்டுநரானால் இறக்குவீர்களா?