திண்ணைக்கு இங்கிலீஷ்ல என்ன பாஸ்?

ஹீட் எக்ஸ்சேஞ்சர் எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா, படம் போட்டு நாலு பக்கம் இங்கிலீஷ்ல எழுதி பதினாறு மார்க் வாங்கிடுவோம். ஆனா, கேம்பஸ் இன்டர்வியூவில் எதிரே இருக்கிறவர் சிரிச்ச முகமா, 'உங்க வீட்டைப் பத்தி கொஞ்சம் சொல்லுங்களேன்' என்று இங்கிலீஷில் கேட்டால்? 'அவர் ஹவுஸ் இஸ் ஓன் ஹவுஸ் சார். ஒன் ஹால், டூ பெட்ரூம், ஒன் கிச்சன்...' அவ்வளவுதான், ஸ்டாக் தீர்ந்துடும்! ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் ஸ்பீக்கிங் பகுதியிலும் ஆரம்பத்திலேயே வரக்கூடிய கேள்வி இது.

இருபது வருஷம் வாழ்ந்த வீட்டைப் பத்தி இருபது செகண்டுக்கு மேல ஏன் பேச வரலை? காரணம் ரெண்டு. ஒண்ணு, வார்த்தைப் பஞ்சம். இன்னொண்ணை யாரும் வெளியே சொல்றதில்லை. 'நம்ம வீட்டைப் பத்தி பெருசா என்னத்தைச் சொல்ல?' என்கிற கூச்சம். இங்கிலீஷ் புத்தகத்து வீட்டில் சிம்னி இருக்கும், முன்னால ரோஜாத் தோட்டம் இருக்கும். நம்ம வீட்டில் இருக்கிறது ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் வாசல்ல கட்டின ஆடும்தானே! கவலையை விடுங்க. அந்த வீட்டுக்கும் இங்கிலீஷ்ல வார்த்தை இருக்கு.

ஹவுஸ் வேற, ஹோம் வேற!

செங்கல், சிமென்ட், ஜன்னல், கதவு எல்லாம் சேர்ந்தது ஹவுஸ். அதுல அம்மா இருந்து, சாப்பாடு இருந்து, 'எப்படா வருவே?'ன்னு கேட்க ஆள் இருந்தா அது ஹோம். ஹாஸ்டலில் முதல் வாரம் வர்ற வியாதிக்குப் பேர் 'ஹோம்சிக்'. 'ஹவுஸ்சிக்'னு ஒரு வார்த்தையே கிடையாது!

லீவுக்குக் கிளம்பும்போது 'ஐ ஆம் கோயிங் ஹோம்' என்று சொன்னாப் போதும். நடுவுல 'டு' வேண்டாம். 'வாட் இஸ் யுவர் நேட்டிவ்?' என்பது நம்ம ஊர்ல மட்டும் ஓடுற வண்டி. வெளிநாட்டுக்காரரிடம் 'ஹோம்டவுன்' என்று கேளுங்க. கிராமம்னா, 'ஐ கம் ஃப்ரம் எ வில்லேஜ் நியர் உசிலம்பட்டி'ன்னு கம்பீரமா சொல்லுங்க.

ஒரு எச்சரிக்கை. மணமகள் தேவை விளம்பரத்தில் வரும் 'ஹோம்லி' நமக்குக் குடும்பப் பாங்கு. பிரிட்டனில் ஒரு இடத்தைச் சொன்னால் எளிமையான, மனசுக்கு இதமான இடம். அமெரிக்காவில் ஒருத்தரைப் பார்த்துச் சொன்னால், 'ஆள் பார்க்கச் சுமார்' என்று அர்த்தம். நாளைக்கு உங்க அமெரிக்க டீம் லீடர் விருந்துக்குக் கூப்பிட்டால், அவர் மனைவியை இந்த வார்த்தையால் பாராட்டிடாதீங்க. சாப்பாடு கிடைக்காது!

அதே வார்த்தை, வேற அர்த்தம்!

நாம தினம் புழங்கும் சில வார்த்தைகள் கடல் தாண்டினால் ஆளே மாறிடும்.

* ஹால்: டி.வி. பார்க்கிற, விருந்தாளியை உட்கார வைக்கிற அறை நமக்கு ஹால். அதுக்கு அவங்க பேர் லிவிங் ரூம். பிரிட்டனில் வீட்டு ஹால் என்றால் வாசக்கதவைத் தாண்டினதும் வர்ற நடை. தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் ரேழி இருக்கே... கிட்டத்தட்ட அதேதான்!

* டெரஸ்: நமக்கு மொட்டை மாடி. பிரிட்டனில் 'டெரஸ்டு ஹவுஸ்' என்றால் சுவரோடு சுவர் ஒட்டி, தெருவில் வரிசையா நிற்கும் வீடு. அமெரிக்காவில் அது 'ரோ ஹவுஸ்'. மொட்டை மாடிக்கு 'ஃப்ளாட் ரூஃப்' என்றால் குழப்பமே இல்லை. தனி வீடு 'டிடாச்டு ஹவுஸ்'.

* ஃபர்ஸ்ட் ஃப்ளோர்: நமக்கும் பிரிட்டனுக்கும் தரைத்தளத்துக்கு மேல இருக்கிறது. அமெரிக்காவில் பொதுவா தரைத்தளமே ஃபர்ஸ்ட் ஃப்ளோர். நம்ம ரெண்டாவது மாடி அவங்களுக்கு மூணாவது. 'அப்ஸ்டேர் ஹவுஸ்' என்று நாம சொல்ற மாடி வீடு, 'டூ-ஸ்டோரி ஹவுஸ்'.

* லாஃப்ட்: பழைய பாத்திரமும் கொலுப் பெட்டியும் தூங்குகிற சிமென்ட் பரண் நமக்கு. பிரிட்டனில் கூரைக்கு அடியில் இருக்கிற முழு இடமும் லாஃப்ட்.

* அட்வான்ஸ், லீஸ்: வீட்டுக்காரர் கேட்கிற அட்வான்ஸ், 'செக்யூரிட்டி டெபாசிட்'. நம்ம ஊர்ல லீஸ் என்றால் மொத்தமா ஒரு தொகை கொடுத்துட்டு மாச வாடகை இல்லாமல் இருக்கிறது. மற்ற நாடுகளில் லீஸ் என்பது வாடகை ஒப்பந்தம்தான். மாசாமாசம் வாடகையும் கட்டணும்!

அப்போ நம்ம இங்கிலீஷ் தப்பா? இல்லவே இல்லை. திருச்சியில் வீடு தேடும்போது 'லிவிங் ரூம்' என்று கேட்டால் புரோக்கர்தான் முழிப்பார். கேட்கிற ஆள் யாருன்னு பார்த்துப் பேசணும், அவ்வளவுதான்.

அவங்களே நம்மகிட்ட கடன் வாங்கினவங்க!

'பங்களா'வை இங்கிலீஷ்காரர் 'பங்களோ' ஆக்கினார். வேர், 'வங்காளத்து வீடு' என்பது. 'வெராண்டா' போர்ச்சுக்கீசியத்தோடும் இந்தியோடும் உறவுள்ள சொல். 'டீக்' நம்ம தேக்கு. மலையாளக் கரையிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியா கப்பலேறினது. பந்தலை 'பண்டால்' என்று அகராதியில் ஏத்திட்டாங்க. 'காட்' இந்தி வழியா போனது. அதன் மூலத்தை நம்ம கட்டில் வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கிறவங்களும் உண்டு. ஆனா 'ஐ ஸ்லீப் ஆன் எ காட்' என்று லண்டனில் சொல்லிடாதீங்க. அங்கே அது கைக்குழந்தையின் படுக்கை!

சரி, தலைப்புக் கேள்விக்கு வருவோம். திண்ணைக்கு ஒரு காலத்தில் இங்கிலீஷில் தனி வார்த்தையே இருந்தது: 'பையல்'. பையன் இல்லை, பையல்! யூல், பர்னெல் என்கிற ரெண்டு பேர் சேர்ந்து தொகுத்து, 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் இது இருக்கு. பர்னெல் நம்ம தஞ்சாவூரில் நீதிபதியா இருந்தவர். திண்ணைப் பள்ளிக்கூடத்தை 'பையல் ஸ்கூல்' என்றுதான் அந்தக் காலத்து ஆங்கிலப் பதிவுகளில் எழுதினாங்க. இன்னிக்கு அதைச் சொன்னா யாருக்கும் புரியாது. அதனால ஒரு சுலப வழி: தமிழ் வார்த்தையையே தைரியமா சொல்லுங்க. பின்னாலேயே அரை வரி விளக்கம் கொடுங்க. 'எ திண்ணை, எ ரெய்ஸ்டு பிளாட்ஃபார்ம் பை த டோர்.' இட்லியையும் தோசையையும் உலகம் கத்துக்கலையா? திண்ணையையும் கத்துக்கட்டும்!

முற்றத்துக்கு 'கோர்ட்யார்டு'. கொல்லைப்புறம் 'பேக்யார்டு'. விளக்கு வைக்கிற மாடக்குழி 'நிச்'. வாசப்படி 'த்ரெஷோல்டு'.

குடிசைக்கும் வார்த்தை உண்டு

கீற்றுக் கூரை வீடா? 'தாட்ச்டு ஹவுஸ்'. மண் சுவர், 'மட் வால்ஸ்'. ஓட்டு வீடு, 'டைல்ட் ஹவுஸ்'. தகரக் கூரை, 'டின் ரூஃப்'. தொகுப்பு வீடு, 'எ ஹவுஸ் பில்ட் அண்டர் எ கவர்ன்மென்ட் ஸ்கீம்'. ஒண்டுக் குடித்தனமா? 'வீ ரென்ட் டூ ரூம்ஸ் இன் எ ஹவுஸ் ஷேர்டு பை ஃபைவ் ஃபேமிலீஸ்'. மழையில் ஒழுகினால், 'த ரூஃப் லீக்ஸ்'. இதில் எந்த வார்த்தையும் கேவலம் இல்லை. இங்கிலாந்தில் 'தாட்ச்டு காட்டேஜ்'களில் பலதைச் சட்டம் போட்டே பாதுகாக்கிறாங்க. அந்தக் கூரைக்கும் நம்ம குடிசைக் கூரைக்கும் வார்த்தை ஒண்ணுதான்.

இன்டர்வியூவில் கேட்கிறவர் வீடு பார்த்துப் பொண்ணு கொடுக்கவா கேட்கிறார்? நாலு வாக்கியம் கோர்வையா வருதான்னு பார்க்கிறார். மார்பிள் தரை வெச்சிருக்கிறவர் திக்கினால் மார்க் குறையும். மண் தரையைத் தெளிவா சொன்னவருக்கு மார்க் கூடும்.

கூடவே வெச்சுக்க சில குணச் சொற்கள்: விசாலம்னா 'ஸ்பேஷியஸ்', காற்றோட்டம்னா 'ஏரி', நெருக்கடின்னா 'கிராம்ப்டு', புழுக்கம்னா 'ஸ்டஃபி', சுவரெல்லாம் ஓதம் ஏறியிருந்தா 'டாம்ப்', சின்னது ஆனா சுகம்னா 'கோஸி'. வாடகை விளம்பரத்தில் 'கோஸி' என்று பார்த்தால் மட்டும் உஷார். கட்டில் போட்டா கதவு திறக்காதோ, என்னவோ!

எப்படிக் கோக்கிறது?

* வெளியே இருந்து உள்ளே போங்க. ஊர், தெரு, வாசல், அறை, கொல்லை. வரிசை இருந்தா வார்த்தை தானா வரும்.

* அளவு, வயசு, நிறம், பொருள்... குணச் சொற்களுக்கும் வரிசை உண்டு. 'எ ஸ்மால் ஓல்டு டைல்ட் ஹவுஸ்' சரி. 'டைல்ட் ஓல்டு ஸ்மால் ஹவுஸ்' காதில் இடிக்கும்.

* 'மை ஹவுஸ் இஸ் ஈஸ்ட் ஃபேசிங்' ரியல் எஸ்டேட் பாஷை. 'இட் ஃபேசஸ் ஈஸ்ட்' என்றால் அழகு.

* கடைசியா, அந்த வீட்டுக்கே உரிய ஒரே ஒரு விஷயம். அதுதான் கேட்கிறவர் மனசில் நிற்கும்.

சாம்பிளுக்கு: 'வீ லிவ் இன் எ ஸ்மால் ஓல்டு டைல்ட் ஹவுஸ் நியர் மன்னார்குடி. இன் ஃப்ரன்ட் தேர் இஸ் எ திண்ணை, எ ரெய்ஸ்டு பிளாட்ஃபார்ம் வேர் மை கிராண்ட்ஃபாதர் ஸ்பெண்ட்ஸ் ஹிஸ் டே. தேர் இஸ் ஒன்லி ஒன் ரூம். ஸோ அட் நைட், த திண்ணை இஸ் மை ஸ்டடி.' நாலே வாக்கியம். படிக்கிற அறைக்கும் 'ஸ்டடி'ன்னுதான் பேர், கவனிச்சீங்களா?

உச்சரிப்பு உஷார்!

கப்போர்டு இல்லை, 'கபர்டு'. பிளம்பர் இல்லை, 'பிளம்மர்'. சூட் ரூம் இல்லை, 'ஸ்வீட்'. அட்டாச்டு பாத்ரூமை பிரிட்டனில் 'ஆன் ஸ்வீட்' என்பாங்க.

இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை செய்ங்க. அறையில் பார்வையை ஓட்டி, பேர் தெரியாத பத்து பொருளைத் தமிழில் எழுதுங்க. தாழ்ப்பாள், பரண், நிலைப்படி, அம்மி... எதுவா இருந்தாலும் சரி. நாளைக்கு லைப்ரரியில் அகராதியைத் திறங்க. ஒரு வாரத்தில் எழுபது வார்த்தை. அத்தனையும் நீங்க தினமும் தொட்டுப் புழங்குற பொருள்கள். அவ்வளவு சீக்கிரம் மறக்காது!