டயர் ஏன் ஊளையிடுகிறது?

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வரை சுமார் 136 கிலோமீட்டர். பழைய கணக்கில் தேசிய நெடுஞ்சாலை 68, இப்போது 79. கள்ளக்குறிச்சிக்காரர் காரை எடுத்தால் சேலம் போனாலும் சென்னை போனாலும் இந்தச் சாலையில்தான் ஏறியாக வேண்டும். டயர் ஊளையிடுகிறது என்ற புகாரும் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. பழைய டயரைக் கழற்றிவிட்டு, கூடுதல் விலை கொடுத்து, அகலமான ‘ஆல் சீசன் பெர்ஃபார்மன்ஸ்’ டயர் போட்டாயிற்று. கல்வராயன் மலை வளைவுகளில் வண்டி தரையைக் கவ்விக்கொண்டு திரும்புகிறது. ஆனால் பைபாஸ் ஏறி 80-ஐத் தொட்டதும் காருக்குள் ஓர் ஊளை. பின்சீட்டிலிருந்து கேட்கும் கேள்விக்கு ‘என்ன?’ என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. டயர் கடையில் போய்ச் சொன்னால், “கொஞ்சம் ஓடட்டும் சார், செட் ஆயிடும்” என்பார்கள்.

பெரும்பாலும் செட் ஆகாது. புது டயரின் மேல் அச்சிலிருந்து ஒட்டி வந்த வழவழப்பு முதல் சில நூறு கிலோமீட்டரில் போய்விடும். அதனால் பிடிமானம் கூடும். சத்தத்தின் காரணமோ டயரின் வடிவத்திலேயே இருக்கிறது, அது தேய்ந்து போகிற சமாச்சாரம் அல்ல.

நிதானமான வேகத்தில் சீராக ஓடும் காரில் ஏறத்தாழ 40, 50 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டாலே இன்ஜினைவிட டயரின் குரல்தான் ஓங்கி நிற்கும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, கரியாலூர், வெள்ளிமலை என்று ஏறும்போது சத்தம் பற்றிய நினைப்பே வராததற்குக் காரணம் இதுதான். அங்கே இரண்டாம், மூன்றாம் கியரில் இன்ஜின்தான் கத்திக்கொண்டிருக்கிறது. மலையில் நல்ல பிள்ளையாக இருந்த டயர் சமவெளியில் கெட்டுப் போய்விடவில்லை. அதன் குரல் காதில் விழும் வேகத்துக்கு இப்போதுதான் வந்திருக்கிறோம்.

சத்தம் பிறக்கும் விதம் ஒன்றல்ல. டயரின் மேற்பரப்பில் கட்டம் கட்டமாகப் புடைத்து நிற்கும் ஒவ்வொரு பட்டனும் சாலையில் வந்து அறைகிறது. அந்த அதிர்வு டயரின் பக்கச்சுவர் வரை பரவுகிறது. பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் சிக்கிய காற்று தரையோடு நசுங்கிப் பீறிட்டு வெளியேறுகிறது, மறுபக்கம் பள்ளம் திறக்கும்போது திரும்ப உறிஞ்சப்படுகிறது. உருளும் டயரும் தட்டையான சாலையும் சேருமிடத்தில் ஓர் ஆப்பு வடிவ இடைவெளி உண்டு. நாதஸ்வரத்தின் அடியில் விரிந்திருக்கும் அணைசு செய்கிற வேலையை அந்த இடைவெளி செய்கிறது, உள்ளே பிறந்த சிறு ஒலியைப் பெருக்கி வெளியே அனுப்புகிறது. இப்படி வரும் சத்தத்தின் உச்சம் 1,000 ஹெர்ட்ஸை ஒட்டி இருப்பதுதான் நம் கெட்ட நேரம். மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் பகுதி அது. இதைத் தவிர டயருக்குள் அடைபட்ட காற்றும் 200 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே தனியாக முனகும். பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கும்போது ‘டங்’ என்று வெண்கலச் சத்தம் போல ஒன்று கேட்கிறதே, அது இந்தக் காற்றின் வேலை.

டயர் வடிவமைப்பாளர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. எல்லாப் பட்டன்களையும் ஒரே அளவில் வெட்டினால் டயர் ஒரே சுருதியில் பாடும் என்பதால், நீளமும் குட்டையுமாகக் கலைத்துப் போடுகிறார்கள். உங்கள் டயரின் சுற்றைக் கூர்ந்து பார்த்தால் பட்டன்கள் சம அளவில் இல்லை என்பது கண்ணுக்கே தெரியும். ஒரே சுருதியாகக் கேட்க வேண்டியது பொதுவான இரைச்சலாக மாறிவிடுகிறது. காதை அறுப்பது இரைச்சலைவிட அந்த ஒற்றைச் சுருதிதான்.

‘ஆல் சீசன்’ என்ற வகை வட அமெரிக்காவை மனதில் வைத்துப் பிறந்தது. அங்கே ஒரே டயர் கோடையையும் லேசான பனியையும் தாங்க வேண்டும். அதனால் பட்டன்களில் கத்தி கீறியது போல நிறைய வெட்டுகள், அதிகப் பள்ளங்கள், பக்கச்சுவரில் சேறு, பனி இரண்டையும் குறிக்கும் ‘எம்+எஸ்’ முத்திரை. இதோடு ‘பெர்ஃபார்மன்ஸ்’ சேரும்போது அகலம் கூடுகிறது, பக்கச்சுவர் குட்டையாகி விறைக்கிறது, வேகக் குறியீடு 210 கிலோமீட்டருக்கான ‘ஹெச்’, 240-க்கான ‘வி’, 270-க்கான ‘டபிள்யூ’ என்று ஏறுகிறது. அகலம் கூடினால் நசுங்கும் காற்றும் கூடும். சுவர் விறைத்தால் அதிர்வு டிஸ்க் வழியாக நேரே வண்டிக்குள் வரும். கல்வராயன் மலையில் பனி விழுவதில்லை. வீரசோழபுரம் டோல்கேட்டுக்கும் நத்தக்கரை டோல்கேட்டுக்கும் நடுவே 270-இல் போகவேண்டிய அவசரமும் யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அழகுக்காக ஒரு அங்குலம் பெரிய அலாய் வீல் மாட்டி, அதற்கேற்ற டயர் போட்டவர்கள்தான் இந்தப் புகாரோடு அதிகம் வருகிறவர்களாக இருப்பார்கள் என்பது என் ஊகம்.

லேபிளில் உள்ள டெசிபல் யாருக்கு?

டயர் எவ்வளவு சத்தம் போடலாம் என்பதற்கு இந்தியாவில் இப்போது சட்டம் இருக்கிறது. 2022 ஜூன் மாதம் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, ஏ.ஐ.எஸ். 142 என்ற தரநிலையைக் கட்டாயமாக்கியது. உருளும்போது எழும் சத்தம், உருள்தடை, ஈரச் சாலையில் பிடிமானம் ஆகிய மூன்றையும் அது அளக்கச் சொல்கிறது. புதிய டிசைன்களுக்கு 2022 அக்டோபரிலிருந்தும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2023-லிருந்தும் அமல். ஐரோப்பாவில் முன்பே நடைமுறையில் இருந்த ஆர்.117 விதியை ஒட்டியது இது. அந்த விதியின் இரண்டாம் கட்டத்தில் 185 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள கார் டயருக்கு உச்சவரம்பு 70 டெசிபல். 245 வரை 71, 275 வரை 72, அதற்கும் மேல் 74. அகலமான டயர் கூடுதலாகச் சத்தம் போடும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டு இடம் கொடுத்திருக்கிறது.

ஆனால் அந்த எண்ணைப் பார்த்து டயர் வாங்குகிறவர் ஏமாந்து போகலாம். காரை 80 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோய், இன்ஜினை நிறுத்திவிட்டு உருளவிட்டு, பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி மைக்கை வைத்து அளந்த எண் அது. சோதனைக்கென்றே போட்ட வழவழப்பான தார்ப்பரப்பு வேறு. அந்த டெசிபல் காருக்குள் இருக்கும் உங்களுக்கானது அல்ல. தியாகதுருகம் அருகே சாலையோரக் கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பவருக்கானது. வெளியே அமைதியான டயர் உள்ளேயும் அமைதியாக இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. அடர்த்தியான கதவும் கனமான தரையும் கொண்ட கார் அதே டயரை வேறு மாதிரி கேட்க வைக்கும். டயரில் ஒட்டப்படும் நட்சத்திர முத்திரைக்கும் இதில் பங்கில்லை, அது எரிபொருள் சிக்கனத்தைச் சொல்வது.

குற்றவாளி டயர்தானா?

காசைச் செலவழிக்கும் முன் இதைத் தீர்த்துக்கொள்வது நல்லது. கூட்டமில்லாத நேரத்தில் பைபாஸின் நேரான பகுதியில் ஒரே வேகத்தைப் பிடித்து, ஐந்தாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு மாற்றிப் பாருங்கள். இன்ஜின் சுற்று ஏறியும் அந்த ஊளை மாறாவிட்டால் இன்ஜினை விட்டுவிடலாம். நியூட்ரலில் உருட்டிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. சமவெளியிலேயே அது வேண்டாத வேலை, மலை இறக்கத்தில் கொலைக்குச் சமம்.

அடுத்தது சாலை. புதிதாகத் தார் போட்ட இடத்துக்கு வந்ததும் சத்தம் சட்டென்று அடங்கி, பழைய சாலை தொடங்கியதும் திரும்ப எழுந்தால் அது டயர்-சாலைச் சத்தம். சாலை மாறியும் அது மாறவில்லையா, வீல் பேரிங்கைச் சந்தேகியுங்கள். பரந்த இடது வளைவில் வண்டியின் எடை வலப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். அப்போது ரீங்காரம் ஓங்கினால் வலப்பக்கப் பேரிங், வலது வளைவில் ஓங்கினால் இடப்பக்கம். பேரிங் போன வண்டிக்கு எத்தனை புது டயர் போட்டாலும் சத்தம் போகாது.

டயர்தான் என்று முடிவானால் வண்டியை நிறுத்தி, சூடு ஆறிய பிறகு கையை வையுங்கள். உள்ளங்கையை டயரின் பட்டன் வரிசையில் வைத்து, உருளும் திசையில் ஒரு முறை, எதிர்த்திசையில் ஒரு முறை மெல்லத் தடவ வேண்டும். ஒரு பக்கம் வழவழவென்று போய், மறுபக்கம் ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் விரலில் தட்டுகிறதா? ரம்பத் தேய்மானம் அது. பட்டனின் ஒரு முனை மட்டும் அதிகம் தேய்ந்து படிப்படியாக நிற்கிறது. முன்சக்கரம் இழுக்கும் காரில், வேலை குறைந்த பின்சக்கரங்களில்தான் இது சத்தமில்லாமல் தொடங்கும். பின்பு போகப்போக பேரிங் சத்தம் போலவே ஊளையிடும். அலைன்மென்ட் விலகியிருப்பது, காற்று குறைவாக ஓடியது, டயரை இடம் மாற்றாமல் விட்டது ஆகியவை வழக்கமான காரணங்கள். எட்டு முதல் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டிருந்தால் இந்த ரம்பம் முளைத்திருக்காது. முளைத்த பிறகு மாற்றினால் மெல்ல மெல்லத்தான் சரியாகும், சில சமயம் ஆகவே ஆகாது.

பக்கச்சுவரில் அம்புக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். அம்பு முன்னோக்கி உருள வேண்டிய திசையைக் காட்டும். அவசரத்தில் ஸ்டெப்னி மாட்டியபோதோ பஞ்சர் போட்டபோதோ திருப்பி மாட்டிவிட்டால் சத்தமும் கூடும், மழையில் நீரை வெளியேற்றும் வேலையும் கெடும். வெளிப்புறம் என்று குறித்த டயர்களில் அந்த எழுத்து வெளியே தெரிய வேண்டும்.

வெள்ளிமலையிலிருந்து இறங்கியதும் ‘டிக் டிக் டிக்’ என்று புதுச் சத்தம் கேட்டுப் பதறுகிறவர்களும் உண்டு. வேகம் கூடினால் டிக்கும் வேகமெடுக்கிறதென்றால், பெரும்பாலும் பட்டன் பள்ளத்தில் சிக்கிய ஜல்லி. தார் பெயர்ந்த மலைப்பாதையில் பொறுக்கிக்கொண்டு வந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் விழுந்துவிடும். நெம்பும்போது ஆணியென்று தெரிந்தால் அங்கேயே பிடுங்க வேண்டாம், பஞ்சர் கடை வரை அது உள்ளேயே இருக்கட்டும்.

காற்றின் அளவைப் பற்றிக் கடையில் கேட்க வேண்டியதில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிறது. டயர் சூடாவதற்கு முன், காலையில் பார்க்க வேண்டும். மலை ஏறப் போகிறோம் என்று கூட்டி அடிப்பதும், சத்தம் குறையட்டும் என்று குறைத்து அடிப்பதும் இரண்டுமே வீண். முதலாவது நடுப்பட்டனைத் தின்னும், இரண்டாவது ஓரங்களைத் தின்று டயரைச் சூடாக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஊளை தொடர்ந்தால், அது அந்த டயரின் இயல்பு. நிறுவனங்கள் பெரும்பாலும் இதைக் குறைபாடாக ஏற்று மாற்றித் தருவதில்லை. வீக்கம், பெல்ட் பிரிவு, வட்டம் கெட்டது போன்றவற்றுக்குத்தான் வாரண்டி. கதவின் ரப்பர் பீடிங் நைந்திருந்தால் மாற்றலாம், அது செலவு குறைந்த வேலை, பலனும் தெரியும். சக்கர வளைவின் உட்புறத்திலும் தரையிலும் டேம்பிங் ஷீட் ஒட்டுவது தாழ்ந்த முனகலைக் கொஞ்சம் அடக்கும். 1,000 ஹெர்ட்ஸ் இரைச்சலை அவ்வளவாகத் தொடாது. உள்ளே நுரைப்பட்டை ஒட்டி வரும் டயர்கள் உண்டு. கான்டினென்டலின் கான்டிசைலன்ட், மிஷலினின் அகூஸ்டிக் எல்லாம் அந்த வகை. இன்ஜின் சத்தமே இல்லாத மின்சாரக் காரில் டயர் சத்தம் துருத்தித் தெரிவதால் இவற்றுக்கு மவுசு. அவையும் உள்ளே அடைபட்ட காற்றின் முனகலைத்தான் குறைக்கின்றன.

காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. வேகம் இரட்டிப்பானால் டயர் சத்தம் 9 முதல் 12 டெசிபல் ஏறும். அதே கணக்கில் 100-லிருந்து 80-க்கு இறங்கினால் ஏறத்தாழ 3 டெசிபல் குறையும், அதாவது ஒலியாற்றல் பாதியாகும். காதுக்குப் பாதியாகத் தோன்றாது என்றாலும் வித்தியாசம் தெரியும். கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை போய்ச்சேர ஐந்தோ ஆறோ நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

அடுத்த முறை டயர் வாங்கும்போது என்ன கேட்பது? மாதத்தில் பெரும்பகுதி நெடுஞ்சாலை, எப்போதாவது மலை என்று ஓட்டுகிறவருக்கு, கம்பெனி கொடுத்த அதே அளவில், சொகுசுக்கென்று தயாரித்த சாதாரண டயரே போதும். நெடுநீளக் கோடுகளும் அடக்கமான பட்டன்களும் கொண்டது அது. 2020 ஜூனிலிருந்து டயர் இறக்குமதிக்கு உரிமம் தேவைப்படுவதால் வெளிநாட்டு ரகங்கள் சிறு நகரக் கடைகளில் அரிது. அதற்காக ஏங்கவும் வேண்டாம். பக்கத்து பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்திலேயே எம்.ஆர்.எஃப். தொழிற்சாலை இருக்கிறது. பக்கச்சுவரில் ஐரோப்பிய ‘இ’ முத்திரையை அடுத்து ‘எஸ்2 டபிள்யூ ஆர்2’ என்ற குறி இருந்தால் சத்தம், ஈரப்பிடி, உருள்தடை மூன்றிலும் அந்த டயர் ஆர்.117 சோதனையைத் தாண்டியது என்று பொருள். தயாரித்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாக அச்சாகியிருக்கும். பழைய சரக்கின் ரப்பர் இறுகிப் போயிருக்கும், இறுகிய ரப்பர் அதிகம் கத்தும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சத்தத்துக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் கல்வராயன் மலைப்பாதை நனைந்து கிடக்கும்போது வளைவில் வண்டியைக் காப்பது ஈரப்பிடிமானம். இரைச்சல் இல்லை என்பதற்காக அதில் பின்தங்கிய டயரை வாங்குவது மோசமான பேரம். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அந்த டயர் ஓடக்கூடாது, மழைக்காலத்தில் அதற்கு முன்பே மாற்றுவது உசிதம். புது டயர் மாட்டிய அன்றே மலையேறாமல், முதலில் சமவெளியில் நிதானமாக ஓட்டி அந்த வழவழப்பைப் போக்கிவிடுங்கள். நான்கையும் மாற்றக் கையில் காசில்லை, இரண்டுதான் என்றால், முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும் புதியதைப் பின்னால் போடச் சொல்கின்றன டயர் நிறுவனங்கள். ஈரவளைவில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியை நிமிர்த்துவது கடினம் என்பதுதான் காரணம். கடையில் முன்னால் போடவே ஆர்வம் காட்டுவார்கள், வற்புறுத்திப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள்.