கணக்குப்பிள்ளையின் கையெழுத்து

மெர்போக் நதி கடலோடு கலக்கும் தஞ்சோங் டாவாயிலிருந்து உள்நாட்டுப் பக்கமாக பீடோங், சுங்கைப்பட்டாணி வரையில் பரந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறைகளைக் கழித்த தமிழ்க் குடும்பங்களின் தகரப் பெட்டிகளில், ஊரிலிருந்து வந்த பழங்கடிதங்கள் இன்றும் அகப்படுவதுண்டு. 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தும்வரையில் கங்காணிகள் மூலமாகக் கப்பலேறி வந்தவர்களின் பூர்வீக கிராமத்தையும் உறவின் முறையையும் அறிவிக்க அக்கடிதங்களையன்றி வேறு சாட்சியம் இல்லாமற் போகலாம். ஆதலால் அவற்றைப் படிக்கக் கற்பது பேரப்பிள்ளைகளின் கடமையென்றே கருதுகிறேன்.

முதலிற் காண்போர் திகைப்பதற்குக் காரணம் எழுதியவரின் அலட்சியமன்று. ஓலையில் எழுதிப் பழகிய சம்பிரதாயத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. காலுக்கும் ரகரத்துக்கும் வடிவம் ஒன்றே. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகாரங்களுக்கு வேற்றுமை வகுத்தாராயினும், பழைய கைகள் அதனை எளிதில் ஏற்கவில்லை. எனவே ‘வேலன்’ என்னும் பெயர் ‘வெலன’ என்றும், ‘ராமன்’ என்பது ‘ரரமன’ என்றும் நிற்கும். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன், ணை, லை, ளை, னை என்பவற்றின் ஐகாரம் துதிக்கைபோல் வளைந்திருந்ததையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

எழுத்தறியாத உறவினருக்காகக் கிராமத்துக் கணக்குப்பிள்ளையோ வாத்தியாரோ எழுதிக் கொடுத்த கடிதங்கள் அநேகம். ஆகவே ஒருவர் கையை அறிந்துகொண்டால், அவ்வூரார் பலருடைய கடிதங்களும் திறந்துவிடும். அதற்கு வழி, மாறாத வாசகங்களிலிருந்து ஆரம்பிப்பதே. பிள்ளையார் சுழிக்குப் பின் ‘சிரஞ்சீவி’, ‘ஆசீர்வாதம்’, ‘க்ஷேமம்’ முதலிய சொற்கள் பெரும்பாலும் வந்தே தீரும். அவற்றிலுள்ள எழுத்துக்களை ஒரு தாளில் வரிசையாகப் பிரதி செய்து வைத்துக்கொண்டு, பிறகே அறியாத ஊர்ப்பெயரை அணுகுதல் நலம். அவசரப்பட்டு ஊகித்த ஊர்ப்பெயர் முழுவம்சத்தையும் வேறு ஜில்லாவுக்குக் கொண்டுபோய்விடும்.

இலக்கங்களும் தேதியும் தனிக் கவனத்துக்குரியவை. பூஜ்யமின்றி, பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று குறியிடும் பழைய முறையில் 1926 என்பது ௲௯௱௨௰௬ ஆகும். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳ என்பன அடையாளங்கள். வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கொருமுறை திரும்புவதால் சர்வஜித்து என்றால் 1887ஆ, 1947ஆ என்ற ஐயம் எழும். தபால்தலையில் விக்டோரியா மகாராணி இருந்தால் முன்னது, ஆறாம் ஜார்ஜ் மன்னர் இருந்தால் பின்னது.