பெட்டகம் திருடுபோனாலும் பூட்டு நிற்குமா?

2022 டிசம்பர் 22ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு, லாஸ்ட்பாஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மக்களின் கடவுச்சொற்களைப் பத்திரமாக வைத்துத் தருவதே அதன் தொழில். அறிவிப்பின் சாரம் இதுதான்: ஊடுருவிய ஒருவர் வாடிக்கையாளர்களின் கடவுச்சொல் பெட்டகங்களை நகலெடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எப்படிப் போனது என்ற விவரம் சில மாதம் கழித்துத்தான் வெளிவந்தது. பெட்டகங்கள் இருந்த சேமிப்பைத் திறக்கும் சாவிகளைத் தொடும் உரிமை நிறுவனத்தில் நான்கே நான்கு பொறியாளர்களுக்கு இருந்தது. அவர்களில் ஒருவருடைய வீட்டுக் கணினியில், படமும் பாட்டும் ஓட்டப் பயன்படும் ஒரு மென்பொருளின் ஓட்டை அடைக்கப்படாமல் கிடந்தது. அதன் வழியே நுழைந்தவர், விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் பதிவுசெய்யும் நிரல் ஒன்றை வைத்துப் பொறியாளரின் பெட்டகத்தைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லைப் பிடித்துவிட்டார். மற்றதெல்லாம் எளிதாக நடந்தது.

இதைப் படித்ததும், "எதற்கு இந்த வம்பு? நோட்டிலேயே எழுதி வைத்துக்கொள்கிறேன்" என்று தோன்றலாம். நோட்டு அப்படியொன்றும் மோசமில்லை. ரஷ்யாவில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் பீரோவில் இருக்கும் நோட்டைப் புரட்ட முடியாது. ஆனால் நோட்டில் எழுதுகிறவர்கள் நீளமான, தாறுமாறான கடவுச்சொல் வைப்பதில்லை. பார்த்துப் பார்த்துத் தட்டச் சலித்துப்போய், பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டுமாக ஒன்றை வைத்து, ரயில் டிக்கெட், வருமான வரி, வருங்கால வைப்புநிதி, மின்கட்டணம், ஜிமெயில் என எல்லா இடத்திலும் அதையே போட்டுவிடுவார்கள். திருடர்களுக்கு வேண்டியதும் அதுதான். 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் எந்த மறைப்பும் இல்லாமல் வெளியே கொட்டின. அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. அப்படிக் கசியும் பட்டியல்களை எடுத்து, அதே மின்னஞ்சலும் அதே கடவுச்சொல்லும் வேறு தளங்களில் திறக்கிறதா என்று இயந்திரங்கள் இரவும் பகலும் முயன்று பார்க்கின்றன. எங்கோ ஒரு சின்னக் கடையின் தளம் கசிந்தால் உங்கள் ஜிமெயில் போகும் வழி இதுதான்.

ஆகவே தளத்துக்கு ஒரு கடவுச்சொல் வேண்டும். அத்தனையையும் மனித மூளை நினைவில் வைக்காது. கடவுச்சொல் மேலாளர் மென்பொருளின் தேவை அங்கிருந்து பிறக்கிறது.

திருடியவன் கையில் இருக்கும்போது

லாஸ்ட்பாஸ் விவகாரத்தில் மறையாக்கம் உடைபடவில்லை. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் மறையாக்கப்பட்டே இருந்தன. ஆனால் யார் யாருக்கு எந்தெந்தத் தளத்தில் கணக்கு இருக்கிறது என்ற முகவரிப் பட்டியல் அப்பட்டமாக இருந்தது. அதுவே மோசடிக்காரருக்குப் பெரிய துப்பு.

அதைவிட முக்கியமான சிக்கல் வேறு. வங்கித் தளத்தில் மூன்று முறை தவறாகத் தட்டினால் கணக்கு முடங்கும். பெட்டகத்தின் நகல் திருடன் கையிலேயே இருந்தால் அவனை முடக்க யாருமில்லை. தன் கணினியில், தன் வசதிக்கு, கோடிக்கணக்கான ஊகங்களை ஓட்டிப் பார்க்கலாம். அப்போது உங்களைக் காப்பவை இரண்டு. உங்கள் முதன்மைக் கடவுச்சொல் எவ்வளவு வலுவானது என்பது ஒன்று. ஒவ்வோர் ஊகத்துக்கும் கணினி எவ்வளவு உழைக்க வேண்டும் என்பது இன்னொன்று.

இரண்டாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நீங்கள் தட்டும் முதன்மைக் கடவுச்சொல் நேராகச் சாவியாகிவிடுவதில்லை. மென்பொருள் அதை ஒரு கணக்கில் போட்டு அரைத்து, வந்ததை மறுபடி அரைத்து, லட்சக்கணக்கான முறை சுற்றிய பிறகே சாவி கிடைக்கும். உங்களுக்கு அது கண நேரத் தாமதம். ஊகிக்கிறவனுக்கு ஒவ்வோர் ஊகத்துக்கும் அத்தனை உழைப்பு. லாஸ்ட்பாஸில் இந்தச் சுற்றுகளின் எண்ணிக்கை புதிய கணக்குகளுக்கு 1,00,100 என இருந்தது. பழைய வாடிக்கையாளர்கள் பலருக்கு 5,000தான். சிலருக்கு வெறும் 1. வலைப் பாதுகாப்புக்கு நெறிமுறை வகுக்கும் ஓவாஸ்ப் அமைப்பு அப்போது பரிந்துரைத்தது 3,10,000. அடுத்த ஆண்டு அதையும் 6 லட்சமாக உயர்த்தியது. பழைய வாடிக்கையாளர்தான் ஏமாந்தார். 2023 செப்டம்பரில், 150க்கும் மேற்பட்டவர்களிடமிருந்து சுமார் 3.5 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ பணம் களவுபோனதையும், அதற்கும் இந்தப் பெட்டகத் திருட்டுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வாளர்கள் சந்தேகிப்பதையும் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் எழுதினார்.

மூலநிரலை மூடி வைத்ததால்தான் லாஸ்ட்பாஸ் கவிழ்ந்தது என்று, நிரலை எவரும் படிக்கத் திறந்து வைக்கும் திறமூல முறையின் அன்பர்கள் சிலர் சொல்வதுண்டு. அது நியாயமில்லை. திறமூலக் கடவுச்சொல் மேலாளரான பிட்வார்டனே அப்போது ஒரு லட்சத்துச் சொச்சம் சுற்றுகளைத்தான் இயல்பாக வைத்திருந்தது. லாஸ்ட்பாஸ் செய்தி வெடித்த பிறகு, 2023இல்தான் 6 லட்சமாக்கியது. ஓப்பன் சோர்ஸ் என்ற முத்திரை எந்த ஓட்டையையும் தானாக அடைக்காது. 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பிழையை நினைவிருக்கும். பாதி இணையம் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில், எல்லார் கண்ணெதிரிலும் அது இரண்டு ஆண்டு கிடந்தது. படிக்கலாம் என்பதால் யாரோ படித்துவிட்டார்கள் என்று ஆகாது.

அப்படியானால் திறமூலம் எதற்கு?

1883இல் ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்ற மொழியியலாளர் பிரெஞ்சு ராணுவ இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில் ஒரு விதி வைத்தார். மறையாக்க முறை எதிரியின் கையில் சிக்கினாலும் தீங்கு வரக்கூடாது. ரகசியம் சாவியில் மட்டும் இருக்க வேண்டும். இன்றைய மறையாக்கம் முழுக்க இந்த விதியின் மேல்தான் நிற்கிறது. வங்கிகளும் அரசுகளும் பயன்படுத்தும் ஏஇஎஸ் முறையின் முழுச் செய்முறையை எவரும் படிக்கலாம். பெல்ஜியக்காரர் இருவர் வடிவமைத்து, பகிரங்கப் போட்டியில் வென்று, 2001இல் அமெரிக்கத் தரநிலையானது அது. செய்முறையே திறந்து கிடக்கும்போது, அதைக் கையாளும் மென்பொருளை மட்டும் "எங்களை நம்புங்கள்" என்ற ஒரு வார்த்தையின் பேரில் ஏற்பது எனக்கு விநோதமாகப் படுகிறது.

திறமூலத்தின் நடைமுறைப் பயனை கீபாஸ் கதையில் பார்க்கலாம். ஜெர்மனியின் டொமினிக் ரைக்கல் 2003இல் விண்டோஸுக்காக வெளியிட்ட இலவச மென்பொருள் அது. அதில் கணக்குத் தொடங்க வேண்டாம், சர்வர் கிடையாது. உங்கள் கடவுச்சொற்கள் எல்லாம் மறையாக்கப்பட்ட ஒரே கோப்பில் அடங்கும். அந்தக் கோப்பு உங்களிடம் இருக்கும். கோப்பின் அமைப்பு பகிரங்கமானது. ஆகவே லினக்ஸ், மேக் கணினிகளுக்காக வேறு சிலர் கீபாஸ்எக்ஸ் என்ற ஒன்றை எழுதினார்கள். அதன் வளர்ச்சி மந்தமானபோது, 2016இல் வேறொரு குழு அந்த நிரலை எடுத்து கீபாஸ்எக்ஸ்சி என்று தொடர்ந்தது. பழையது பின்னர் அதிகாரபூர்வமாகவே மூடப்பட்டது. அதன் பயனாளர் ஒருவரும் ஒரு கடவுச்சொல்லைக்கூட இழக்க வேண்டியிருக்கவில்லை. அதே கோப்பு புதியதில் திறந்தது. ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ், ஐபோனில் கீபாஸியம் என்று வெவ்வேறு ஆட்கள் எழுதிய செயலிகளிலும் திறக்கிறது. நிறுவனம் மூழ்கினாலும் விலையை உயர்த்தினாலும் உங்கள் சொத்து உங்களிடமே இருக்கும். என் கணக்கில், திறமூலத்தின் முதல் ஆதாயம் இதுதான். பாதுகாப்பு அதற்கு அடுத்தது.

பாதுகாப்பிலும் பலன் உண்டு. ஐரோப்பிய ஆணையம் 2016இல் தன் செலவில் கீபாஸ் நிரலைத் தணிக்கை செய்தது. ஆபத்தான பிழை எதுவும் அகப்படவில்லை. மூடிய நிரலை வெளியார் ஒருவர் இப்படித் தாமாக எடுத்துச் சோதிக்க முடியாது. 2024 அக்டோபரில் பிட்வார்டனின் உள்ளுறுப்பு ஒன்றின் உரிம வாசகம் திறமூல நெறிக்கு ஒவ்வாதது என்று பயனாளர்கள் போர்க்கொடி தூக்க, நிறுவனம் வாசகத்தை மாற்றிக்கொண்டது. கண்காணிக்கிற கண்கள் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

2023இல் கீபாஸிலும் ஒரு பிழை அகப்பட்டது. முதன்மைக் கடவுச்சொல்லைத் தட்டும்போது ஒவ்வோர் எழுத்தின் தடயமும் கணினியின் நினைவகத்தில் தங்கிவிட, முதல் எழுத்து நீங்கலாக மற்றதையெல்லாம் அதிலிருந்து பொறுக்கி எடுக்க முடிந்தது. ஜூன் மாதம் வந்த 2.54 பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது. வேறு மொழியில், தனியாக எழுதப்பட்ட கீபாஸ்எக்ஸ்சியை அந்தப் பிழை தொடவே இல்லை. அதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. கணினிக்குள் வேவு நிரல் குடியேறிவிட்டால் எந்த மேலாளரும் காப்பாற்றாது.

எதைத் தேர்வது?

பல கருவிகள் வைத்திருப்பவர், குடும்பத்தோடு பகிர நினைப்பவர், கோப்பு நகலெடுப்பதெல்லாம் தொல்லை என்பவர் பிட்வார்டன் பக்கம் போகலாம். எத்தனை கருவிகளில் போட்டாலும் அடிப்படைச் சேவை இலவசம். நிறுவனத்தின் சர்வரில் இருப்பது மறையாக்கப்பட்ட பெட்டகம் மட்டுமே. உங்கள் முதன்மைக் கடவுச்சொல் அவர்களிடம் இல்லை. அமைப்புகளுக்குள் போய், சாவி உருவாக்கும் முறையை ஆர்கான்2 என்று மாற்றிவிடலாம். 2015இல் இதற்கென நடந்த உலகப் போட்டியில் வென்ற முறை அது. ஒவ்வோர் ஊகத்துக்கும் கணினியின் நினைவகத்தையும் ஏராளமாகத் தின்னும் என்பதால், ஆயிரக்கணக்கான ஊகங்களை ஒரே நேரத்தில் ஓட்டுவது திருடனுக்குச் செலவு பிடிக்கும் வேலை.

தன் பொருளைத் தானே காக்கப் பொறுமை உள்ளவருக்கு கீபாஸ்எக்ஸ்சி. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கைப்பேசிக்கும் வேண்டுமே என்று கோப்பை கூகுள் டிரைவில் போட்டுவிட்டு, கூகுளின் கடவுச்சொல்லை அந்தக் கோப்புக்குள்ளேயே மட்டும் வைத்திருப்பார்கள். கைப்பேசி தொலைந்தால் கூகுளுக்குள் போகக் கோப்பு வேண்டும், கோப்பை எடுக்கக் கூகுளுக்குள் போக வேண்டும். இரண்டும் போச்சு. கோப்பின் நகல் ஒன்று பென் டிரைவிலும், இன்னொன்று வேறு வீட்டிலும் இருக்கட்டும்.

எதை எடுத்தாலும் பிரவுசர் நீட்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கித் தளம் போலவே அச்சசலாக வடித்த போலித் தளம் நம் கண்ணை ஏமாற்றும். மேலாளர் பார்ப்பது முகவரியை. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கடவுச்சொல்லை நிரப்ப முன்வராது. வழக்கமாக நிரப்பும் இடத்தில் அது சும்மா இருந்தால், கையால் தட்டாமல் வெளியே வந்துவிடுங்கள். கடவுச்சொல் பெட்டியில் ஒட்டுவதைத் தடுக்கும் தளங்கள் இன்னும் உண்டு. பாதுகாப்பு என்று நினைத்து அப்படிச் செய்கிறார்கள். ஒட்ட அனுமதியுங்கள் என்று அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017லேயே சொல்லிவிட்டது.

தரவிறக்கும்போதும் கவனம் தேவை. 2023இல் கூகுளில் கீபாஸ் என்று தேடியவர்களுக்கு மேலே ஒரு விளம்பரம் வந்தது. முதல் எழுத்தின் அடியில் தூசிபோல ஒரு சின்னக் குறி ஒட்டிய முகவரி. சொடுக்கினால் போலித் தளம், அங்கே நச்சு நிரல். விளம்பரத்தைச் சொடுக்காமல் அதிகாரபூர்வ முகவரியை நீங்களே தட்டிப் போங்கள்.

ஆறு சொற்கள்

இனி மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: முதன்மைக் கடவுச்சொல். பாட்டு வரி, பஞ்ச் டயலாக், குறள் எதுவும் வேண்டாம். ஊகிக்கும் நிரல்களுக்குப் பிரபலமான வரிகளையெல்லாம் ஊட்டியிருப்பார்கள். ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் 1995இல் சொன்ன வழி எளிது. 7,776 சொற்கள் உள்ள பட்டியல். பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல். இப்படி ஆறு சொற்கள் சேர்த்தால், சாத்தியங்களின் எண்ணிக்கை 22க்குப் பின்னால் 22 சைபர். தமிழில் வேண்டுமானால் கண்ணை மூடி அகராதியை ஆறு முறை பிரித்து விரல் வைக்கலாம்: ஊசி, மழலை, தண்டவாளம், புளி, வாடகை, கொக்கு. பிடித்த சொல்லாகத் தேர்ந்தெடுத்தால் பலனில்லை, விழுந்ததை எடுக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் மழலையின் ழகரத்தை எப்படி எழுதுவது என்று முதல்நாளே முடிவுசெய்துகொள்வது நல்லது.

இதை மறந்தால் மீட்டுத்தர ஆளில்லை. "கடவுச்சொல் மறந்துவிட்டதா?" என்ற பொத்தான் கீபாஸில் கிடையாது, பிட்வார்டனாலும் உங்கள் பெட்டகத்தைத் திறக்க முடியாது. திறக்க முடிந்தால் திருடனாலும் முடியும். அதனால் அந்த ஆறு சொற்களைக் காகிதத்தில் எழுதி உறையில் இட்டு, பத்திரம், நகை வைக்கும் இடத்தில் வையுங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு உறை இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும். குடும்பத் தலைவர் திடீரென்று மறைந்துபோய், காப்பீட்டுக் கணக்குக்கும் மின்னஞ்சலுக்கும் வழி தெரியாமல் தவிக்கும் வீடுகளுக்கும் இந்த உறைதான் விடை.

எல்லாக் கணக்கையும் ஒரே நாளில் மாற்ற உட்கார்ந்தால் பத்தாவதில் கைவிட்டுவிடுவீர்கள். முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மட்டும் மாற்றுங்கள். மற்ற எல்லாத் தளத்தின் கடவுச்சொல்லையும் மீட்கும் இணைப்பு அந்த அஞ்சல்பெட்டிக்குத்தான் வருகிறது. அடுத்து வங்கி. மற்றவற்றை, அந்தந்தத் தளத்துக்குப் போகும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.