‘சி கோசோங்’ கேட்கப் பழகினேன்

காலை நிகழ்ச்சி படைப்பதால் என் நாள் 4 மணிக்கே தொடங்கிவிடும். வானொலியில் உற்சாகமாக வணக்கம் சொல்ல எனக்குத் துணை, தே. நாளுக்கு நான்கு கோப்பை. கெட்டிப்பாலில் கிட்டத்தட்ட பாதி சீனிதான் என்பது அப்போது உறைக்கவில்லை.

சென்ற ஆண்டு உடற்பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.4. “நீரிழிவு இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறீர்கள்” என்றார் மருத்துவர். அப்பா இன்சுலின் போட்டுக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நேயர்களுக்கு ஆரோக்கியக் குறிப்பு வாசிப்பவளுக்கு வெட்கம் வேறு!

மறுநாள் ‘தே சி கோசோங்’ கேட்டேன். சீனி இல்லை, கெட்டிப்பாலுக்குப் பதில் இனிப்பில்லாத பால். “என்னம்மா, சுகர் வந்துடுச்சா?” என்றார் தேக்கா கடை அண்ணன், வரிசை முழுவதும் கேட்கும்படி. முதல் வாரம் கஷாயம் குடிப்பதுபோல் இருந்தது. ஒரு மாதம் கழித்துப் பழைய தேயை ருசி பார்த்தால், பாயசம்!

2023 டிசம்பர் 30 முதல் பெரிய கடைகளின் பானப் பட்டியலிலும் நியூட்ரி-கிரேட் குறியீடு வந்துவிட்டது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் ‘டி’. பபிள் டீ வாங்கும்போது என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

இரவு உணவுக்குப் பிறகு 15 நிமிடம் புளோக்கைச் சுற்றி நடக்கிறேன். தசைகள் இயங்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டவுடன் படுத்தால் அந்த வாய்ப்பு போய்விடும். துணைக்கு அப்பாவும் வருகிறார். தமக்காகத்தான் மகள் நடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இதைப் படித்துத்தான் அவருக்கு உண்மை தெரியப்போகிறது.